துருவக் காற்றை அளக்கும் வேலை: ஒரு தாய்க்குப் பதில்

அன்புள்ள அம்மாவுக்கு,

பிளஸ் டூ படிக்கும் மகள், துருவப் பகுதிக் காற்றில் கலந்திருக்கும் நச்சு ரசாயனங்களை அளக்கும் வேலைக்குத்தான் போவேன் என்று பிடிவாதமாக இருப்பதாக எழுதியிருந்தீர்கள். இப்படி ஒரு வேலை நிஜமாகவே உண்டா, பிழைக்க முடியுமா, பனியில் தனியாகக் கிடந்து கஷ்டப்படுவாளோ என்றெல்லாம் கேட்டிருக்கிறீர்கள்.

வேலை இருக்கிறது. டிடிடி, எண்டோசல்பான் என்ற பூச்சிக்கொல்லிகள், மின்மாற்றி எண்ணெயில் கலந்த பிசிபி போன்றவை எளிதில் சிதையாதவை. வெப்பமான நாடுகளில் ஆவியாகிக் காற்றோடு போய், குளிர்ந்த இடங்களில் படிகின்றன. கொதிக்கும் குழம்பின் ஆவி மேலே ஆறிய மூடியில் நீராகப் படிகிறதே, அது மாதிரி. அப்புறம் மீன், சீல், திமிங்கலம் என்று ஏறி மனிதர் உடம்புக்கு வருகின்றன. கனடாவின் வடக்கே நுனாவிக் பகுதியில் வாழும் இனுயிட் பழங்குடித் தாய்மாரின் பாலில், தெற்கு கியூபெக் தாய்மாரைவிடப் பல மடங்கு பிசிபி இருப்பது 1980களின் பிற்பகுதியில் தெரியவந்தது. அதைத் தயாரிக்கும் ஆலை எதுவும் அவர்கள் ஊர்ப்பக்கம் கிடையாது. படித்தபோது மனதைப் பிசைந்த செய்தி இது. உங்கள் மகளையும் இப்படி ஏதோ ஒன்று தொட்டிருக்க வேண்டும். அதை வயதுக் கோளாறு என்று தள்ளிவிடாதீர்கள்.

இந்த ரசாயனங்களைக் கட்டுப்படுத்த 2001இல் ஸ்டாக்ஹோம் ஒப்பந்தம் உருவானது. 2004இல் அமலுக்கு வந்தது. இந்தியா 2006இல் ஏற்றுக்கொண்டது. தடை போட்டது பலித்ததா என்று பார்க்க, உற்பத்தியே இல்லாத இடத்தின் காற்றை வருடக்கணக்கில் அளக்க வேண்டும். கனடாவின் வடகோடியில் உள்ள அலெர்ட் நிலையம், நார்வேயின் ஆர்க்டிக் தீவுக்கூட்டமான ஸ்வால்பார்டில் உள்ள செப்பலின் நிலையம், அண்டார்டிகாவில் நார்வே நடத்தும் ட்ரோல் நிலையம் ஆகியவை அதைத்தான் செய்கின்றன. நம் வயல்களில் பிஎச்சி பொடி என்று ஒரு பூச்சிக்கொல்லியைத் தூவினார்களே, அதைச் சீனா 1983இலும் இந்தியா 1997இலும் தடை செய்தன. பயன்பாடு குறையக் குறைய ஆர்க்டிக் காற்றிலும் அதன் அளவு இறங்கியது. அந்த இறக்கத்தைக் காட்டியது, வாரம் தவறாமல் மாதிரி எடுத்தவர்களின் உழைப்பு.

சரி, வேலை எப்படிப்பட்டது? இதை மகள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். பனிப்பிரதேசத்தில் நடப்பது சிறு பங்கு. ஒரு பம்ப் நூற்றுக்கணக்கான, சில இடங்களில் ஆயிரக்கணக்கான கன மீட்டர் காற்றை இழுத்து, வடிதாள் வழியாகவும் ஃபோம் துண்டு வழியாகவும் செலுத்தும். அந்த ஃபோமைக் கரைப்பானில் ஊறவைத்துப் பிரித்து, சுத்தப்படுத்தி, கலவையில் எந்த ரசாயனம் எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் ஜிசி-எம்எஸ் கருவியில் ஓட்டுவதுதான் பெரும்பாலான நாட்களின் வேலை. அளவோ பிகோகிராமில் வரும். ஒரு கிராமை லட்சம் கோடி பங்காக்கினால் அதில் ஒரு பங்கு. கட்டடத்துப் பெயிண்ட், மேலே போட்டிருக்கும் ஜாக்கெட், எது வேண்டுமானாலும் கணக்கைக் கெடுத்துவிடும். அதனால் காற்றே இழுக்காத வெற்று ஃபோமையும் கூடவே எடுத்துப்போய், அதையும் அதே மாதிரி சோதிப்பார்கள். ஒரே வேலையைச் சலிக்காமல் நூறு முறை ஒரே ஒழுங்கோடு செய்கிற பிள்ளைக்கு இது பொருந்தும். சாகசம் மட்டும் தேடுகிற பிள்ளை சீக்கிரம் வாடிவிடும்.

படிப்பைப் பற்றி என் கருத்து உறுதியானது. பெயர் கவர்ச்சியாக இருக்கிறதே என்று லேப் வசதியில்லாத சுற்றுச்சூழல் பட்டப்படிப்பில் சேர்க்காதீர்கள். பி.எஸ்சி. வேதியியல் படிக்கட்டும். பிறகு ஐஐடி போன்ற இடங்களில் சேர்வதற்கான ஜாம் (JAM) தேர்வு எழுதி எம்.எஸ்சி., அதில் பகுப்பாய்வு வேதியியலை ஆழமாகப் படிப்பது, நெட் (NET) அல்லது கேட் (GATE) என்ற தேசியத் தேர்வு வழியாக பிஎச்.டி. கூடவே புள்ளியியலும் கொஞ்சம் கோடிங்கும். கோவாவில் உள்ள தேசிய துருவ மற்றும் பெருங்கடல் ஆராய்ச்சி மையம்தான் இந்தியாவின் துருவப் பயணங்களை நடத்துகிறது. நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட நீரி (NEERI) என்ற தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம், ஸ்டாக்ஹோம் ஒப்பந்தத்துக்கான வட்டார மையமாகவும் இருக்கிறது. இரண்டின் பெயரையும் அவள் குறித்துவைக்கட்டும்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். பிஎச்.டி. முடிக்கவே பல வருடங்கள் ஆகும், துருவ ஆராய்ச்சியில் நிரந்தரப் பணியிடங்கள் மிகக் குறைவு. ஆனால் ஜிசி-எம்எஸ்ஸில் கை தேர்ந்தவர்களுக்கு மருந்து நிறுவனங்களிலும், ஏற்றுமதி உணவில் பூச்சிக்கொல்லி எச்சம் பார்க்கும் ஆய்வகங்களிலும், மாசுக் கட்டுப்பாட்டுத் துறையிலும் தேவை இருக்கிறது. துருவம் கிடைக்காமல் போனாலும் கற்றது வீண் போகாது.

குளிரைப் பற்றிய பயம் நியாயமானதுதான். ஆனால் யாரையும் தனியாக அனுப்புவதில்லை. அண்டார்டிகா போகும் இந்தியக் குழுவுக்கு முழு மருத்துவப் பரிசோதனையும், இமயமலையில் ஆலியில் பனிப் பயிற்சியும் உண்டு. ஸ்வால்பார்டில் நம் ஹிமாத்ரி நிலையம் 2008இலிருந்து இயங்குகிறது. அங்கே குளிர்கால இருட்டிலும் ஆய்வு செய்ய முதல் இந்தியக் குழு போனதே 2023 டிசம்பரில்தான். அதெல்லாம் உங்கள் மகளுக்கு இன்னும் பல வருடம் தள்ளியிருக்கும் விஷயம்.

இப்போதைக்கு ஒன்று செய்யுங்கள். தேர்வு முடிந்ததும், பக்கத்தில் தண்ணீர் அல்லது உணவு பரிசோதிக்கும் ஆய்வகத்தில் அனுமதி கேட்டு அவளை ஒரு வாரம் உட்கார வையுங்கள். மாலையில் வீடு வந்து என்ன பேசுகிறாள் என்று கவனியுங்கள். கல்லூரி விண்ணப்பம் போடும் முன் அதை எனக்கு எழுதுங்கள். எந்தெந்தக் கல்லூரி என்று சேர்ந்தே பார்க்கலாம்.