தானாகக் கூடும் ரோபோக்கள்: மகளை எந்தப் பிரிவில் சேர்ப்பது?

அன்புள்ள ஐயா,

தாமாகவே கூடி உருவம் எடுக்கும் ரோபோக்களைத்தான் படிப்பேன் என்று பிளஸ் டூ படிக்கும் மகள் ஒற்றைக்காலில் நிற்பதாகவும், படித்தால் வேலை கிடைக்குமா என்று கவலையாக இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். விளையாட்டுப் புத்தி என்று தள்ளிவிட வேண்டாம். அந்தப் பெயரில் ஒரு பட்டப்படிப்பைத் தேடி அலையவும் வேண்டாம்.

அவர் காணொலியில் பார்த்தவை ஹார்வர்டின் கிலோபாட்களாக இருக்கலாம். 2014-இல் மைக்கேல் ரூபன்ஸ்டைன், ராதிகா நாக்பால் குழுவினர் 1,024 குட்டி ரோபோக்களை நட்சத்திரமாகவும் ஆங்கில 'கே' எழுத்தாகவும் அணிவகுக்க வைத்தார்கள். (நாக்பால் அமிர்தசரஸில் வளர்ந்தவர், மகளிடம் சொல்லுங்கள்.) ஒவ்வொன்றும் 3.3 செ.மீ. அகலம். சக்கரம் கிடையாது, மூன்று குச்சிக் கால்கள், செல்போனை அதிரவைப்பது போன்ற இரண்டு மோட்டார்கள். பக்கத்து ரோபோ எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தெரியும், எந்தத் திசையில் என்று தெரியாது. ஒரு வடிவம் உருவாகச் சுமார் 12 மணி நேரம் ஆனது.

பிறகு எப்படி இடம் கண்டுபிடிக்கின்றன? முதலில் நான்கு ரோபோக்கள் அசையாமல் நின்று தொடக்கப் புள்ளியைக் குறிக்கும். மற்றவை கூட்டத்தின் விளிம்பை ஒட்டி ஊர்ந்து, அக்கம்பக்கத்துத் தூரங்களைக் கொண்டு தம் ஆயத்தொலைவைக் கணக்கிடும். உங்கள் மகள் பள்ளியில் அலுத்துக்கொண்டே படித்திருக்கக்கூடிய அதே வடிவியல்தான்! ஒன்றின் மோட்டார் மந்தமானால் பின்னால் நெரிசல். அதையும் நிரல் சமாளிக்க வேண்டும்.

ஆகவே என் தேர்வு கணினி அறிவியல் அல்லது இசிஇ (மின்னணு, தகவல் தொடர்புப் பொறியியல்). எம்ஐடியின் எம்-பிளாக்ஸ் போல, உள்ளே சுழலும் சக்கரத்தின் விசையால் துள்ளி ஒட்டிக்கொள்ளும் கனசதுரங்களில் ஆசை என்றால் மெக்கானிக்கல். 'ரோபாட்டிக்ஸ்' என்ற பெயர்ப்பலகையை மட்டும் நம்பிப் பணம் கட்டாதீர்கள். பாடத்திட்டத்தில் நேரியல் இயற்கணிதம், நிகழ்தகவு, கட்டுப்பாட்டியல் இருக்கின்றனவா, ஆய்வகத்தைக் காட்டுகிறார்களா என்று பாருங்கள்.

வேலை பற்றிய உங்கள் கவலை நியாயமானது. இத்துறை இன்னும் பெரும்பாலும் ஆய்வுக்கூடத்தில்தான் இருக்கிறது. அதிலேயே நிலைக்க முதுகலையும் முனைவர் பட்டமும் தேவைப்படும். பி.இ. முடித்ததும் சம்பாதிக்க வேண்டிய குடும்பச் சூழல் என்றால், இதே படிப்பு எம்பெடட் மென்பொருள் (கருவிகளுக்குள் பதிந்து அவற்றை இயக்கும் நிரல்), கிடங்குத் தானியக்கம் ஆகியவற்றுக்கும் உதவும்.

கிலோபாட்டில் இருப்பது, மாணவர்கள் பழக வாங்கும் அர்டுயினோ ஊனோ என்ற சிறு மின்னணுப் பலகையில் உள்ள அதே வகை சில்லுதான். ஆனால் இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம். தேர்வு முடிந்த விடுமுறையில், திரையில் ஐம்பது புள்ளிகள் தாமாக வட்டமாக நிற்கும்படி பைத்தானில் எழுதச் சொல்லுங்கள். அவர் எழுதியதை எனக்கு அனுப்புங்கள். கலந்தாய்வில் விருப்பப் பட்டியல் போடும் முன் பேசுவோம்.