அப்துல் ஹமீது காட்டியது ஆவேசமா?

கேள்வி: 1965 இந்திய-பாகிஸ்தான் போரில் ஒரு ஜீப்பை வைத்துக்கொண்டு பாகிஸ்தானின் பேட்டன் டாங்கிகளை எதிர்த்து உயிர்விட்ட இந்திய வீரர் அப்துல் ஹமீதின் செயலைக் கணநேர ஆவேசம் என்றுதானே சொல்ல வேண்டும்? இரண்டு டாங்கிகளை வீழ்த்தியதும் விலகியிருந்தால் பிழைத்திருப்பாரே?

பதில்: ஆவேசம் என்ற சொல்லை நான் ஏற்கவில்லை. செப்டம்பர் 10 அன்று காலை, பஞ்சாபின் கேம்கரண் பகுதியில் சீமா கிராமத்துக்கு முன்னே அவர் செய்தது நிதானம் இழந்தவனால் செய்யக்கூடிய காரியமே அல்ல. அவரிடம் இருந்தது ஜீப்பில் பொருத்திய 106 மி.மீ. ரிகாயில்லெஸ் துப்பாக்கி, அதாவது டாங்கிகளைத் தகர்க்கும் பின்னுதைப்பற்ற துப்பாக்கி. அதைச் சுடும்போது பின்புறம் சீறும் நெருப்பும் கிளம்பும் புழுதியும், சுட்டவர் இருக்கும் இடத்தை எதிரிக்குக் காட்டிக்கொடுத்துவிடும். ஜீப்புக்கோ கவசம் கிடையாது. ஆகவே ஒவ்வொரு முறை சுட்டதும் உடனே இடம் மாறி, மறைவு தேடி, மீண்டும் குறிபார்த்தாக வேண்டும். ஹமீது அப்படித்தான் செய்தார். பீரங்கிக் குண்டுகள் விழுந்துகொண்டிருக்கும்போதே பக்கவாட்டில் நகர்ந்து, முன்னால் வந்த டாங்கியை வீழ்த்தினார். விரைந்து இடம் மாறி, இன்னொன்றைத் தீக்கிரையாக்கினார். அவர் வீழ்த்தியவை எத்தனை என்பதில் பல கணக்குகள் சொல்லப்படுகின்றன. எனக்கு அந்த எண்ணிக்கையைவிட, முதல் குண்டுக்கும் இரண்டாவது குண்டுக்கும் நடுவே அவர் கைநடுங்காமல் செய்த வேலைதான் பெரிதாகப் படுகிறது. தம் காலாட்படைக் கம்பெனியின் குவார்ட்டர் மாஸ்டர் ஹவில்தார் என்ற முறையில் பண்டங்களைக் கவனிக்க வேண்டியவர் அவர். அந்தத் துப்பாக்கியில் தேர்ந்தவர் என்பதால் போர்முனையில் அதன் பொறுப்பையும் ஏற்றார்.

விலகியிருந்தால் பிழைத்திருப்பார் என்கிறீர்கள், இருக்கலாம். ஆனால் காலை 9 மணிக்கெல்லாம் டாங்கிகள் அவருடைய 4 கிரனேடியர்ஸ் படைப்பிரிவின் முன்னணிக் கம்பெனி நிலைகளுக்குள் ஊடுருவிவிட்டிருந்தன. பதுங்கு குழியில் ரைபிளோடு இருந்த காலாட்படை வீரனால் 40 டன்னுக்கு மேற்பட்ட டாங்கியை என்ன செய்துவிட முடியும்? ஹமீது விலகினால் அவருடைய துப்பாக்கியும் களத்தைவிட்டு விலகிவிடும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. எதிரிகள் ஜீப்பைக் கண்டுகொண்டு, இயந்திரத் துப்பாக்கிகளாலும் வெடிகுண்டுகளாலும் அதையே குறிவைத்த பிறகும், அவர் மற்றொரு டாங்கியை நோக்கிச் சுட்டுக்கொண்டிருந்தார். அந்த நிலையில்தான் குண்டு அவர்மீது பாய்ந்தது. அவர் பிழைத்திருக்கலாமே என்று வருந்துவதற்கு நமக்கு உரிமை உண்டு. அவர் நின்றது நிதானம் தவறியதால்தான் என்று சொல்வதற்கு அன்று நடந்ததில் எந்த ஆதாரமும் இல்லை.