நியூக்ளியஸ், நியூக்ளியை: பொருள் என்ன, எங்கிருந்து வந்தது?

கேள்வி: பிரெஞ்சுத் தீவான ரீயூனியனில் பள்ளியில் பிரெஞ்சில் 'நுவாயோ' என்று படிக்கிறோம். ஆங்கிலப் புத்தகத்தில் நியூக்ளியஸ், நியூக்ளியை என்று வருகிறது. எல்லாம் 'மையம்' என்ற பொருள்தானா? தமிழில் எப்படி எழுதுவது?

பதில்: மையம் என்பது அந்தச் சொல்லின் மூலப்பொருள் இல்லை. லத்தீனில் 'நுக்ஸ்' என்றால் ஓடுள்ள கொட்டை. அதிலிருந்து வந்த நியூக்ளியஸ், ஓட்டை உடைத்தால் கிடைக்கும் பருப்பைக் குறித்தது. பழக்கொட்டைக்கும் அதே சொல் வழங்கியது. நுவாயோவும் நுக்ஸ் வழி வந்ததே. அதனால்தான் மாங்கொட்டையும் நுவாயோ, செல்லின் உட்கருவும் நுவாயோ.

செல்லுக்குள் இருப்பதற்கு இந்தப் பெயரைத் தந்தவர் தாவரவியலாளர் ராபர்ட் பிரவுன். ஆர்க்கிட் செடிகளின் மேல்தோலை ஆராய்ந்து 1831இல் இதை அறிவித்தார். ஃபிரான்ஸ் பாவர் என்ற தாவர ஓவியர் அதற்கு முன்பே இதை வரைந்திருக்கிறார், பெயர்தான் பிரவுனுடையது. உங்கள் தீவின் வெனிலாவும் ஆர்க்கிட் இனம்தான். ஆனால் நுண்ணோக்கியில் உட்கருவை முதல்முறை பார்ப்பவர் வெங்காயத்தில் தொடங்குவதே நல்லது. வெனிலா இலையின் சாறு தோலில் பட்டால் அரிக்கும். உள்சதை ஒட்டிக்கொண்டு வந்தால் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் ஊசி ஊசியாகக் குறுக்கே நிற்கும்.

வெங்காய இதழின் உட்குழிந்த பக்கத்துச் சவ்வை இடுக்கியால் உரித்து, 5 மி.மீ. துண்டாக வெட்டி, கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு நீரில் மடங்காமல் விரியுங்கள். உட்கருவுக்கு நிறமேற்ற லூகால் அயோடின் கரைசல் ஒரு சொட்டு விட்டு 2 நிமிடம் பொறுங்கள். மூடுகண்ணாடியைச் சாய்த்துப் பிடித்து மெல்ல இறக்குங்கள். பொத்தென்று போட்டால் காற்றுக்குமிழி சிக்கும். அதன் கறுத்த விளிம்பைப் பார்த்து உட்கரு என்று வரைந்துவிடுபவர்கள் நிறையப் பேர். அயோடின் கூடிவிட்டால் எல்லாமே பழுப்பாகிவிடும். ஒரு ஓரத்தில் நீர் விட்டு மறு ஓரத்தில் மையுறிஞ்சுதாளை வைத்து இழுங்கள். 100 மடங்கில் தேடி, 400 மடங்கில் பாருங்கள்.

பார்த்தவுடன் ஒன்று தெரியும்: பல செல்களில் உட்கரு நடுவில் இல்லை, சுவரோரம் ஒதுங்கிக் கிடக்கும். பெரிய வாக்குவோல் (செல்லுக்குள் சாறு நிறைந்த பை) அதை அங்கே தள்ளிவிடுகிறது. ஆகவே 'மையம்' என்று மனப்பாடம் செய்தால் பரீட்சைப் படமே தப்பாகும். உட்கருவுக்குள் ஓரிரு புள்ளிகள் தெரிந்தால் அவை நியூக்ளியோலஸ். அந்தச் சொல்லுக்குக் 'குட்டி நியூக்ளியஸ்' என்று பொருள்.

அணுவில் கதை வேறு. அங்கே அது உண்மையிலேயே நடுவில்தான். இயற்பியலாளர் எர்னஸ்ட் ரதர்ஃபோர்டு 1911ஆம் ஆண்டுக் கட்டுரையில் மைய மின்னூட்டம் என்றே எழுதினார். 1912இல்தான் நியூக்ளியஸ் என்றார். அணுவின் குறுக்களவில் அது பல்லாயிரத்தில் ஒரு பங்கு.

எழுதும்போது செல்லுக்கு 'உட்கரு', அணுவுக்கு 'அணுக்கரு'. வெறும் 'கரு' என்றால் வயிற்றுக் கருவோடு குழம்பும். நியூக்ளியஸ் ஒருமை, நியூக்ளியை பன்மை. 'நியூக்ளியைகள்' வேண்டாம், அதில் பன்மை இரண்டு முறை வருகிறது. 'உட்கருக்கள்' போதும்.