ரிஸ்க்குனு பேர் இருக்கறதுக்கெல்லாம் பயப்படாதீங்க அக்கா

அக்கா, நேத்து ராத்திரி நீங்க அனுப்புன வாய்ஸ் மெசேஜ் ரெண்டு தடவ கேட்டேன். பாப்பா பி.எஸ்சி ஸ்டாட் கடைசி வருஷம், பேங்க்ல ரிஸ்க் டீம்லதான் சேருவேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறா, உங்களுக்கோ பேர்லயே ரிஸ்க் இருக்கேன்னு பயம், அதுலயும் கரூர்ல இருந்துட்டு எங்க ஊரு லட்சுமி விலாஸ் பேங்கே போயிடுச்சு, இதுல என்னத்த வேலைனு கேக்கறீங்க. கேள்வி நியாயம்தான். ஆனா அந்த பேங்க் கதையிலயே உங்களுக்கு பதில் இருக்கு.

1926ல ஆரம்பிச்ச பேங்க் அது. 2020 நவம்பர் 17ம் தேதி மொரட்டோரியம்னு சொல்லி ஒருத்தர் 25,000க்கு மேல எடுக்கக்கூடாதுன்னுட்டாங்க, பத்தே நாள்ல டிபிஎஸ் பேங்க் இந்தியாவோட சேத்துட்டாங்க. டெபாசிட் போட்டவங்க காசு தப்பிச்சுது, ஷேர் வச்சிருந்தவங்களுக்கு ஒரு பைசா வரல. கேப்பிட்டல்னா அதுதான்க்கா, நஷ்டம் வந்தா முதல்ல அடி வாங்கற பணம். அது கரைஞ்சு முடிஞ்சாதான் டெபாசிட் பக்கம் ஆபத்து வரும். அந்த பேங்க்ல கேப்பிட்டல் விகிதம், அதாவது குடுத்த கடனுக்கு எத்தன சதவீதம் கேப்பிட்டல் இருக்குங்கற கணக்கு, 2020 ஜூன்ல 0.17 சதவீதம், செப்டம்பர்ல மைனஸ் 2.85. ஊருக்கு அது ஒரே நாள்ல நடந்த மாதிரி தெரிஞ்சுது, ஆனா 2019 செப்டம்பர்லயே ரிசர்வ் பேங்க் அதை பிசிஏ கண்காணிப்புல, அதாவது நிலைமை மோசமான பேங்குக்கு கட்டுப்பாடு போடற ஏற்பாட்டுல போட்டாச்சு. இந்த நம்பர பாத்துக்கிட்டே உக்காந்திருக்கற வேலதான் உங்க பொண்ணு கேக்கற வேல.

பாசல்னு பேங்குங்களுக்கு உலக அளவுல ஒரு விதி இருக்கு, அதுப்படி இந்த விகிதம் குறைஞ்சது 8 சதவீதம், நம்ம ரிசர்வ் பேங்க் 9 கேக்கும், அதுக்கு மேல கஷ்ட காலத்துக்குன்னு 2.5 பஃபர், ஆக மொத்தம் 11.5. எதுல 9 சதவீதம்னா, குடுத்த கடன்ல நேரா இல்ல, கடன் எவ்ளோ ஆபத்தானதோ அதுக்கு ஏத்த சதவீதம், ரிஸ்க் வெயிட்னு பேரு, அத போட்டு கணக்கு பண்ணனும். உங்களுக்கு புரியற மாதிரி சொல்றேன். 20 லட்சம் ஹவுசிங் லோன், வீட்டு மதிப்புல 80 சதவீதத்துக்குள்ளன்னா வெயிட் 35, அதனால 7 லட்சமாத்தான் எண்ணுவாங்க, அதுல 9 சதவீதம் 63,000 ரூபா போதும். அதே 20 லட்சத்த பர்சனல் லோனா குடுத்தா 2023 நவம்பர்ல ரிசர்வ் பேங்க் ஏத்துன 125 வெயிட்ல 25 லட்சமாயிடும், பேங்க் சொந்தமா 2,25,000 ஒதுக்கணும். பர்சனல் லோன கண்ண மூடிட்டு வாரி இறைக்காதீங்கன்னு ரிசர்வ் பேங்க் சொல்ற விதம் இதுதான். ஒரு நம்பர மாத்துனாங்க, பேங்க்காரங்களுக்கு புரிஞ்சுடுச்சு.

அப்புறம் ஸ்ட்ரெஸ் டெஸ்ட். ரிசர்வ் பேங்க் வருஷத்துக்கு ரெண்டு தடவ நிதி நிலைத்தன்மை அறிக்கைனு ஒண்ணு வெளியிடும், ஃப்ரீயாவே டவுன்லோட் பண்ணலாம். ஜிடிபி இவ்ளோ விழுந்தா, வட்டி இவ்ளோ ஏறுனா, வாராக்கடன் எவ்ளோ ஆகும், கேப்பிட்டல் எங்க போய் நிக்கும்னு போட்டு பாப்பாங்க. பேங்க்ல பெரிய கடன் வாங்குன ரெண்டு மூணு பேர் கைய விரிச்சா என்னாகும்னுகூட கணக்கு இருக்கும். நம்ம வீட்ல கல்யாணத்துக்கு முன்னாடி ஆயிரம் பேருக்கு பதில் ஆயிரத்தைநூறு பேர் வந்தா சாம்பார் பத்துமான்னு கேக்கற பெரியம்மா மாதிரிதான்.

ஆனா கேள்விய தப்பா கேட்டா டெஸ்ட் பாஸ் ஆகியும் பிரயோஜனமில்ல. அமெரிக்கால 2023 மார்ச் 10ல சிலிகான் வேலி பேங்க் விழுந்துச்சு, வட்டி ஏறுனதுல அவங்க வாங்கி வச்சிருந்த பாண்டு, அதாவது கடன் பத்திரம், மதிப்பு இறங்கி, பயந்துபோன டெபாசிட்காரங்க ஒரே நாள்ல 4,200 கோடி டாலர எடுத்துட்டு ஓடுனாங்க. அதுக்கு முந்தின வருஷம் அங்க ஃபெட், அதாவது அமெரிக்காவோட மத்திய பேங்க், ஸ்ட்ரெஸ் டெஸ்ட்டுக்கு போட்ட மோசமான சினாரியோல வட்டி ஏறவே இல்ல, இறங்குற மாதிரிதான் இருந்துச்சு. அதுக்கும் மேல 2018ல சட்டத்த தளர்த்துனதால அந்த சைஸ் பேங்க் எல்லாத்துக்கும் டெஸ்ட் கண்டிப்பும் குறைஞ்சிருந்துச்சு. நான் பசங்களுக்கு இத அடிக்கடி சொல்வேன், ஃபார்முலா எல்லாரும் கத்துக்கலாம், எந்த கேள்விய கேக்கறதுன்னு யோசிக்கறவங்களுக்குத்தான் சம்பளம்.

இப்ப பாப்பாவுக்கு. எஃப்ஆர்எம் எஃப்ஆர்எம்னு எல்லாரும் சொல்றாங்க, ரிஸ்க் வேலைக்கான சர்வதேச பரீட்சை அது, நான் இப்ப கட்டச் சொல்ல மாட்டேன், பீஸ் டாலர்ல, பாஸ் பண்ணாலும் சர்டிபிகேட் கைக்கு வர ரெண்டு வருஷ அனுபவம் வேணும். முதல்ல எம்.எஸ்சி ஸ்டாட் நல்ல காலேஜ்ல பண்ணட்டும், கூடவே டேட்டாவ எடுக்க, கணக்கு போட எஸ்க்யூஎல், பைத்தான், ஒரு பேங்க் பேலன்ஸ் ஷீட்ட படிக்கத் தெரியணும். ரிசர்வ் பேங்க் கிரேடு பி ஆபீசர் பரீட்சைல புள்ளியியல்காரங்களுக்கு டிஎஸ்ஐஎம்னு தனி பிரிவே இருக்கு, போட்டி கடுமைதான், அதனால அது ஒண்ணையே நம்பி வருஷக்கணக்கா வீட்ல உக்காரக்கூடாது. சென்னைல வெளிநாட்டு பேங்குங்களோட ஆபீஸ் நிறைய இருக்கு, மாடல் வேலிடேஷன் (பேங்க் போடற கணக்கு முறை சரியான்னு சோதிக்கறது), கிரெடிட் ரிஸ்க் (கடன் திரும்பி வராத ஆபத்த கணக்கு பண்றது)னு அங்க எடுக்கறாங்க. ஐபிபிஎஸ் கிளர்க் எழுதச் சொல்றீங்களே, அதையும் எழுதட்டும், தப்பில்ல, ஆனா அத காட்டி இத தடுக்காதீங்க.

ஞாயித்துக்கிழம அவள கூட்டிட்டு வாங்க. கடைசியா வந்த அறிக்கைல ஸ்ட்ரெஸ் டெஸ்ட் பக்கத்த மட்டும் பிரிண்ட் எடுத்துட்டு வரச் சொல்லுங்க, அவ எனக்கு விளக்கட்டும், நீங்க பக்கத்துல உக்காந்து கேளுங்க.