பல்லிக்குக் கால் உடைந்தால்: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, நான் வளர்க்கும் பியர்டட் டிராகன் பல்லி நேற்று கிளையிலிருந்து விழுந்துவிட்டது. பின்னங்கால் தொங்குகிறது. ஐஸ் குச்சி வைத்து நானே கட்டிவிடவா?

பதில்: வேண்டாம் தம்பி. இறுக்கிக் கட்டினால் ரத்தம் ஓடாமல் விரல் கறுத்துவிடும், தளர்த்திக் கட்டினால் எலும்பு கோணலாகச் சேரும். எக்ஸ்ரே பார்த்த பிறகு டாக்டர்தான் கட்ட வேண்டும். பல நேரம் பின்னங்காலை வாலோடு சேர்த்தே கட்டிவிடுவார்கள். அதுவரை கிளை, கல்லெல்லாம் எடுத்துவிட்டு, தரையில் பேப்பர் டவல் விரித்து விடுங்கள். காலை அசைத்துப் பார்க்காதீர்கள்.

கேள்வி: வலிக்குப் பாராசிட்டமால் ஒரு துளி?

பதில்: கூடாது. நாம் சாப்பிடும் எந்த மாத்திரையும் கூடாது. எடை போட்டுப் பார்த்து டாக்டர் தருவதுதான் மருந்து.

கேள்வி: எங்கள் லெப்பர்ட் கெக்கோ பல்லி எங்கேயும் விழவில்லை. பிறகு எப்படி சார் கால் உடையும்?

பதில்: விழாமல் உடைந்தது என்றால்தான் எனக்குக் கவலை. காலைவிட எலும்பைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் உடம்பு அதை எலும்பிலிருந்து உருவிக்கொள்ளும். நாம் போடும் கிரிக்கெட் பூச்சியிலும் புழுவிலும் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் குறைவு. பூச்சியைக் கால்சியம் பவுடரில் புரட்டாமல் போட்டால் சில மாதங்களில் எலும்பு மெத்தென்று ஆகிவிடும். விரல் துடிப்பது, தாடை வீங்கி ரப்பர் மாதிரி வளைவது, வயிற்றைத் தூக்காமல் இழுத்துக்கொண்டு நடப்பது எல்லாம் இதன் அடையாளங்கள். இதைச் சரிசெய்யாமல் கட்டு மட்டும் போட்டால் அடுத்த கால் உடையும். அதற்காக, கால்சியத்தை உடம்பு உறிஞ்ச உதவும் வைட்டமின் டி3 கலந்த பவுடரை அள்ளிக் கொட்டவும் வேண்டாம். அது மிஞ்சினாலும் விஷம்தான். அளவை டாக்டரிடமே கேளுங்கள்.

கேள்வி: தொட்டி ஜன்னலோரம்தான் இருக்கிறது, நல்ல வெயில் படுகிறது. எங்கள் இகுவானா பல்லிக்கு அது போதாதா?

பதில்: போதாது. உடம்பில் டி3 உண்டாக்கும் யூவி-பி என்ற புற ஊதாக் கதிரைக் கண்ணாடியே தடுத்துவிடும். மிஞ்சுவது சூடு மட்டும்தான், கண்ணாடித் தொட்டிக்குள் அதுவே ஆபத்து. யூவி-பி பல்பு வாங்குங்கள். அதையும் 6 முதல் 12 மாதத்துக்குள் மாற்ற வேண்டும். வெளிச்சம் பளிச்சென்று இருந்தாலும் கதிர் குறைந்துபோயிருக்கும்.

கேள்வி: எலும்பு எத்தனை நாளில் கூடும்? என் பியர்டட் டிராகன் சாப்பிடவும் மாட்டேன் என்கிறது.

பதில்: நாளில் கணக்குப் போடாதீர்கள், மாதக்கணக்கு ஆகும். உடம்புச் சூடு வெளியிலிருந்துதான் வர வேண்டும் என்பதால், குளிர்ந்தால் பசியும் போகும், எலும்பு கூடுவதும் தாமதமாகும். சூட்டு விளக்குக்குக் கீழே அது காய்கிற இடத்தில் 38 முதல் 42 டிகிரி செல்சியஸ் இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். ஏறி உட்காரும் கிளையை எடுத்துவிட்டு விளக்கை அதே உயரத்தில் விட்டுவிடுகிறார்கள், சூடு தரைக்கு எட்டுவதே இல்லை! அப்புறம், மிச்சமான கிரிக்கெட்டை உள்ளே விடாதீர்கள். நகர முடியாத பல்லியை அது கடிக்கும்.

கேள்வி: காலை எடுக்க வேண்டும் என்கிறார் டாக்டர். வால் மாதிரி திரும்ப வளராதா?

பதில்: வளராது, சில பல்லிகளுக்கு வால் மட்டும்தான் அப்படி வளரும். ஆனால் பயப்படாதீர்கள், மூன்று காலோடு பெரும்பாலான பல்லிகள் நன்றாகவே ஓடியாடும். புண் ஆறும்வரை மணல் போடாதீர்கள், தண்ணீர்க் கிண்ணம் தட்டையாக இருக்கட்டும்.