பஸ்ஸில் இடம் கேட்கக் கூச்சமா?

கேள்வி: எனக்கு இது ஐந்தாம் மாதம். அலுவலக வேலை. போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம் பஸ் பயணம், பெரும்பாலும் நின்றபடிதான். இடம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. வயிறு தெரியக் கூடாது என்று கணவரின் சட்டைகளைத் தொளதொளவென்று போட்டுக்கொண்டு போகிறேன். காலையில் குமட்டுவதால் வெறும் காபியோடு கிளம்பிவிடுகிறேன். அலுவலகத்தில் இன்னும் மூன்று காபி ஆகிவிடுகிறது. மாமியாரோ இரண்டு உயிருக்குச் சாப்பிட வேண்டும் என்று இரவில் தட்டை நிரப்புகிறார். பார்த்துப் பார்த்து உடுத்திய நான் இப்போது கண்ணாடி முன் நிற்பதே இல்லை. பிரசவம் வரை இப்படியே ஓட்ட வேண்டியதுதானா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புத் தோழிக்கு,

வேண்டவே வேண்டாம். நாளைக் காலைப் பயணத்திலேயே இதை மாற்றத் தொடங்கலாம்.

பேறுகாலம் முடிவதற்குள் உங்கள் உடம்பில் ஓடும் ரத்தத்தின் அளவு ஏறக்குறைய பாதி கூடிவிடும். ரத்தக் குழாய்களும் தளர்ந்து கொடுக்கின்றன. அதனால் அசையாமல் வெகுநேரம் நின்றால் ரத்தம் கால்களில் தேங்கி, தலைக்குப் போவது குறைகிறது. கண்ணை இருட்டிக்கொண்டு வருகிறது. வெறும் வயிறும் சேர்ந்தால் மயங்கி விழவும் கூடும். நீங்கள் இடம் கேட்பது இதற்காக. இதில் கூச்சப்பட ஒன்றுமே இல்லை.

கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. பொதுவாக எல்லோரையும் பார்த்துக் கேட்டால், வேறு யாராவது எழுந்துகொள்வார்கள் என்று ஒவ்வொருவரும் இருந்துவிடுவார்கள். ஒரே ஒருவரைப் பார்த்து, “நான் கர்ப்பமாக இருக்கிறேன், உட்கார இடம் தருகிறீர்களா?” என்று தெளிவாகக் கேளுங்கள். பெரும்பாலானவர்கள் உடனே எழுந்துவிடுவார்கள். அதுவரை கைபேசியில் குனிந்திருந்தவருக்கு உங்கள் நிலை தெரிந்திருக்காது. அந்தப் பெரிய சட்டைக்குள் தெரியவும் வழியில்லை. நின்றே ஆக வேண்டிய நாளில் தலைக்கு மேல் தொங்கும் பிடியை விட்டுவிட்டு, மார்பு உயரத்தில் இருக்கும் கம்பியைப் பிடியுங்கள். கால்களைச் சற்று அகற்றி வைத்து, குதிகாலை ஏற்றி இறக்கிக்கொண்டே இருங்கள். வண்டி முழுதாக நின்ற பிறகு இருக்கையை விட்டு எழுந்தால் போதும். அலுவலக நேரத்தை அரை மணி முன்னோ பின்னோ மாற்றித் தருவார்களா என்றும் கேட்டுப் பாருங்கள். நெரிசல் குறைந்தாலே பாதிச் சிரமம் தீரும். காரில் போகும் நாட்களில் சீட் பெல்ட் கட்டாயம். கீழ்ப்பட்டை வயிற்றுக்கு அடியில் இடுப்பெலும்பை ஒட்டியும், மேல்பட்டை மார்பின் நடுவிலும் போக வேண்டும்.

இனி காபி. கர்ப்பிணிகளுக்கு ஒரு நாளைக்கு 200 மில்லிகிராம் காஃபின்தான் வரம்பு என்கிறார்கள் மருத்துவர்கள். காபி ஒரு கோப்பையில் ஏறத்தாழ 100 மில்லிகிராம் இருக்கும், தேநீரில் அதில் பாதி. உங்கள் நான்கு கோப்பை இந்த வரம்பைத் தாண்டிவிடுகிறது. இரண்டோடு நிறுத்துங்கள், திக்காகக் குடிப்பவர் என்றால் ஒன்று போதும். இன்னொன்றும் இருக்கிறது: காபியும் தேநீரும் இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கும். இரும்பு மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது இவை வேண்டாம். கால்சியம் மாத்திரையையும் அதோடு சேர்க்காமல் வேறு வேளையில் போடுங்கள்.

காலையில் கட்டிலை விட்டு எழும் முன்பே இரண்டு பிஸ்கட்டோ காய்ந்த ரொட்டித் துண்டோ மென்றுவிட்டு, சற்றுப் பொறுத்து எழுந்தால் குமட்டல் அடங்கும். பொதுவாக மசக்கை இந்த மாதத்துக்குள் தணிந்துவிட வேண்டும். தணியவில்லை என்றால் அடுத்த பரிசோதனையில் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை என்றால் அன்றே போங்கள்.

மாமியார் சொல்வதில் அக்கறை இருக்கிறது, கணக்குதான் சரியில்லை. முதல் மூன்று மாதத்தில் கூடுதல் உணவு ஏறக்குறைய தேவையே இல்லை. நடு மாதங்களில் நாளொன்றுக்கு 340 கலோரி, கடைசி மாதங்களில் 450 கலோரி கூடினால் போதும். அதாவது ஒரு முட்டை, ஒரு டம்ளர் பால், ஒரு பழம், ஒரு கைப்பிடி கொட்டைகள். இரவில் நிரம்பும் தட்டு உங்களுக்கு நெஞ்செரிச்சலைத்தான் தரும். “வழியில் சாப்பிட ஒரு சின்ன டப்பாவில் ஏதாவது கட்டிக் கொடுங்கள்” என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். அவர் அக்கறை உங்களுக்குப் பசிக்கும் நேரத்துக்கு வந்து சேரும். வெளியில் சாப்பிட நேர்ந்தால் கண்ணெதிரே சூடாகச் சமைத்ததை வாங்குங்கள். வெட்டித் திறந்து வைத்த பழம், காய்ச்சாத பால், அரைவேக்காட்டு முட்டை, சரியாக வேகாத இறைச்சி எதுவும் வேண்டாம். இவற்றில் வளரும் சில கிருமிகள் தாய்க்கு லேசான காய்ச்சலோடு விட்டாலும் குழந்தையைக் கடுமையாகத் தாக்கக்கூடியவை.

கணவரின் சட்டைகளை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அவை உங்களைக் களைத்தவராகக் காட்டுவதற்குக் காரணம் வயிறு இல்லை, தோள். தோள் தையல் பாதிக் கையில் வந்து தொங்கினால் யாராக இருந்தாலும் சோர்ந்துதான் தெரிவார்கள். தோளில் கச்சிதமாக நின்று, மார்புக்குக் கீழே விரிந்து இறங்கும் பருத்தி மேலாடைகள் மூன்று நான்கு, வயிற்றுக்கு அடியில் உட்காரும் எலாஸ்டிக் வைத்த கால்சட்டை இரண்டு இருந்தால் மாற்றி மாற்றி உடுத்தலாம். உங்களுக்குப் பிடித்த நிறத்தில் எடுங்கள். உள்ளாடையை இப்போதே புது அளவில் வாங்கிவிடுங்கள், இன்னும் தள்ளிப்போட வேண்டாம். பருவுக்கும் சுருக்கத்துக்கும் பூசும் ரெட்டினால் வகைக் கிரீம் வைத்திருந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

காலணி தட்டையாக, பின்பட்டையோடு, பழைய அளவைவிடச் சற்றே பெரிதாக இருக்கட்டும். மாலையில் கணுக்கால் வீங்குவது சகஜம். கால்களை உயர்த்தி வைத்தால் வடியும். விரல் தடிக்கும் முன்பே மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். ஆனால் முகமும் கைகளும் திடீரென்று வீங்கினாலோ, தலைவலி விடாமல் இருந்தாலோ, பார்வை மங்கினாலோ, ரத்தப்போக்கு தெரிந்தாலோ, பரிசோதனைத் தேதி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.