மாற்று வரலாற்றுக் கதையில் ஒரு போர்த் தளபதியை மாற்றினால், அது நம்பும்படி இருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது?

முதலில் அவருடைய திறமையை ஒதுக்கி வையுங்கள். அந்தப் பதவி எந்தத் தேதியில் காலியானது, நிரப்பும் அதிகாரம் யார் கையில் இருந்தது, பணிமூப்புப் பட்டியலில் அடுத்து யார் நின்றார்கள் என்று பாருங்கள். பல கதைகள் இங்கேயே சறுக்கிவிடுகின்றன. பின்னாளில் புகழ்பெற்ற ஒருவரை, அவர் இன்னும் வரிசையில் பின்னால் நின்ற ஆண்டிலேயே தலைமையில் உட்காரவைத்து விடுகிறார்கள்.

ஜப்பான் கடற்படையைப் பாருங்கள். 1941 ஏப்ரலில் விமானந்தாங்கிக் கப்பல்களை ஒரே தலைமையின்கீழ் கொண்டுவந்தபோது, அந்தப் பொறுப்பு டார்பிடோ போரில் தேர்ந்த நகுமோவுக்குப் போனது. அப்படி ஒன்றுசேர்க்க வேண்டுமென்று வாதாடியவர் ஒசாவா. ஆனால் கடற்படைக் கல்லூரியில் நகுமோ 36ஆம் அணி (ஓராண்டில் ஒன்றாகப் படித்து முடித்தவர்கள் ஓர் அணி), ஒசாவா 37ஆம் அணி. ஓராண்டு இடைவெளிதான் என்பதால், நகுமோவை முன்கூட்டியே வேறு பதவிக்கு நகர்த்தினால் ஒசாவா வருவதை நம்பலாம். 40ஆம் அணியைச் சேர்ந்த யமகுச்சியை அங்கே வைக்க வேண்டுமென்றால், அவருக்கு மேலே இருந்த ஒரு வரிசையையே அகற்ற வேண்டியிருக்கும். அந்த ஒரு நியமனத்துக்காக அவ்வளவையும் மாற்றினால் கதை தாங்காது.

அடுத்து, புதியவரோடு என்னென்ன மாறாமல் இருக்கும் என்று கணக்கிடுங்கள். 1942 ஜூனில் பசிபிக்கில் அமெரிக்காவும் ஜப்பானும் மோதிய மிட்வே போரில் அமெரிக்க அட்மிரல் ஹால்சி இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்பது அடிக்கடி எழும் கேள்வி. 1942 மே இறுதியில் அவர் தோல்நோயால் மருத்துவமனையில் சேர்ந்தார். அவர் பரிந்துரைத்த ஸ்ப்ரூவன்ஸ் எண்டர்பிரைஸ், ஹார்னெட் கப்பல்களோடு கிளம்பினார். ஸ்ப்ரூவன்ஸ் விமானியல்ல, க்ரூஸர்களின் தளபதி. அவருக்குக் கிடைத்தது ஹால்சியின் அதிகாரிகள் குழுதான். அதன் தலைவர் பிரௌனிங்கும் அப்படியே தொடர்ந்தார். உளவுக் குழு உடைத்த எதிரியின் சங்கேதச் செய்திகளைக் கொண்டு, அமெரிக்கக் கப்பல்கள் பதுங்குமிடத்தைத் தீர்மானித்தவர் பசிபிக் கடற்படைத் தலைவர் நிமிட்ஸ். ஆகவே ஜூன் 4 காலையில் ஹால்சி இருந்திருந்தாலும் பெரிய வித்தியாசம் வந்திருக்காது.

மாற்றம் வருவது வேறு இரண்டு இடங்களில். ஹால்சி வைஸ் அட்மிரல், களத்திலிருந்த ஃபிளெட்சர் அதற்கு ஒரு படி கீழான ரியர் அட்மிரல். ஆகவே ஒட்டுமொத்தத் தலைமை ஃபிளெட்சரிடமிருந்து ஹால்சிக்குப் போயிருக்கும். இரண்டாவது இடம் அன்றைய இரவு. நான்கு ஜப்பானிய விமானந்தாங்கிகளும் தாக்கப்பட்ட பின், இருட்டியதும் ஸ்ப்ரூவன்ஸ் கிழக்கே திரும்பினார். ஜப்பானியக் கடற்படைத் தளபதி யமமோட்டோவோ தன் கனரகக் கப்பல்களை இரவுப் போருக்கு ஏவியிருந்தார். ஜப்பானியர் நெடுங்காலம் பயிற்சியெடுத்த போர்முறை அது. ஹால்சி மேற்கே துரத்தியிருப்பாரா? 1944 அக்டோபரில் பிலிப்பைன்ஸின் லேட்டே போரில், தூண்டிலாக வந்த ஒசாவாவின் கப்பல்களைத் துரத்தி வடக்கே போய், சான் பெர்னார்டினோ நீரிணையைக் காவலின்றி விட்டவர் அவர். துரத்தியிருப்பார் என்று எழுத இது நல்ல சான்று. என் கணிப்பில் மிட்வே கதையின் கிளை முளைக்க வேண்டியது அந்த இரவில்தான்.

விட்டுப்போகும் இன்னொன்று சங்கிலி விளைவு. 1942 ஆகஸ்ட் 7 அன்று, வட ஆப்பிரிக்காவில் போரிட்ட பிரிட்டனின் எட்டாம் படைக்குத் தளபதியாகத் தேர்வாகியிருந்த காட் பயணித்த விமானம் சுடப்பட்டு அவர் இறந்தார். அந்த இடத்துக்கு மாண்ட்கோமரி வந்தார். காட் பிழைத்தால், மாண்ட்கோமரி வென்ற எல் அலமெயின் போர் பற்றி மட்டும் எழுதி நிறுத்த முடியாது. மாண்ட்கோமரி அப்போது அமெரிக்கத் தளபதி ஐசன்ஹோவரின்கீழ் வட ஆப்பிரிக்காவில் இறங்கப்போகும் முதலாம் படைக்கு ஒதுக்கப்பட்டிருந்தார். அங்கே போன ஆண்டர்சனுக்கு வேறு இடம் தேட வேண்டும். பிரிட்டனுக்குக் கிடைத்த ஷெர்மன் டாங்கிகளும் ஜெர்மன் தளபதி ரோமலின் எரிபொருள் பஞ்சமும் யார் தளபதியானாலும் இருக்கத்தான் செய்யும். 1940 முதலே பாலைவனத்தில் போரிட்டுக் களைத்திருந்த காட் அந்த வசதியை எப்படிப் பயன்படுத்தியிருப்பார் என்பதே எழுத்தாளர் உழைக்க வேண்டிய பகுதி.

அமெரிக்க உள்நாட்டுப் போரின் கெட்டிஸ்பர்க் சண்டையில் தென்மாநிலத் தளபதி ஜாக்சன் இருந்திருந்தால் என்ற கற்பனையும் இதே பொறியில் விழுகிறது. 1863 மே 10 அன்று அவர் இறந்த பிறகுதான் அவருடைய மேல்தளபதி லீ தன் இரண்டு கோர்களை (பல டிவிஷன்கள் சேர்ந்த பெரும்படைப் பிரிவுகள்) மூன்றாக்கி யுவெலையும் ஏ.பி. ஹில்லையும் உயர்த்தினார். இரண்டு கோர்களும் ஒருவர் கையாள முடியாத அளவுக்குப் பெரியவை என்ற எண்ணம் லீக்கு முன்பே இருந்ததால், ஜாக்சன் இருந்தாலும் பிரித்திருக்கலாம். ஆனால் அதே டிவிஷன்கள் அதே சாலைகளில் ஜூலை 1 அன்று அதே ஊரில் மோதியிருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. யுவெல் நின்ற இடத்தில் ஜாக்சனை ஒட்டிவைத்து, யுவெல் பிடிக்காமல் விட்ட குன்றைப் பிடித்துவிட்டார் என்று எழுதுவது அவசர வேலை.

சில நேரம் ஆளை விடத் தேதியை மாற்றுவது சரியாக வரும். 1944இல் நடந்த நார்மண்டிப் படையெடுப்பின் தலைமையைத் தருவதாக பிரிட்டிஷ் ராணுவத் தலைவர் ஆலன் புரூக்குக்குச் சர்ச்சில் வாக்களித்திருந்தார். 1943 ஆகஸ்டில், கியூபெக் மாநாட்டின்போது, அது ஓர் அமெரிக்கருக்கே போகும் என்று அவரிடம் சொல்லிவிட்டார். வரவர அமெரிக்கப் படைகளின் பங்கே பெரிதாகப் போகிறது என்பதே காரணம். புரூக்தான் வேண்டுமென்றால், பிரிட்டிஷ் பங்கு பெரிதாக இருக்கும் 1943இல் படையெடுப்பை வையுங்கள். அப்போது அந்த ஜூலையில் சிசிலிக்குப் போன தரையிறங்கு கலங்களை இங்கே திருப்ப வேண்டியிருக்கும். அட்லாண்டிக்கில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் 1943 மே மாதத்தில்தான் பின்வாங்கின என்பதால், படைகளையும் தளவாடங்களையும் பிரிட்டனில் எப்படிக் குவித்தார்கள் என்பதையும் கதை சொல்லியாக வேண்டும்.